நின்ற அறை



1970 மே 11 இரவு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லப்பக் என்ற ஊரை டொர்னாடோ என்னும் சுழற்காற்று தாக்கியது. 26 பேர் இறந்தார்கள். அவ்வூர் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர்கள் அன்றுமுதல் காற்றையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் கீஸ்லிங். புயலடித்த ஊர்களில் எல்லோரும் விழுந்த வீட்டைப் பார்த்தபோது, இவர் விழாததைப் பார்த்தார். வீடே தரைமட்டம், நடுவில் குளியலறையோ சாமான் அறையோ மட்டும் நிற்கும்! அந்த ஓர் அறையைப் பலமாகக் கட்டினால் உயிர் தப்பலாமே? (வீடு முழுவதையும் அப்படிக் கட்டக் காசுக்கு எங்கே போவது!)

காற்றைவிடப் பறந்துவரும் கட்டைகளே ஆபத்து. எனவே ஏழு கிலோ மரச்சட்டத்தைக் குழாயில் வைத்து, அழுத்திய காற்றால் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சுவர்மீது ஏவினார்கள். துளைத்தால் சுவர் பெயில்! தேறிய அறைகளின் வரைபடங்களை 1998இல் அமெரிக்க அரசே வெளியிட்டது.

ஆனாலும் 2013 மே 20 அன்று, ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரில் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளி இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தார்கள். அங்கே அப்படியோர் அறை இல்லை. வழி தெரிந்த பிறகும் கட்டாமல் விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? திரும்பக் கட்டிய பள்ளியில் அந்த அறை இருக்கிறது.