பெயரில்லாத வண்டை யார் காப்பது?

இந்தோனேசியாவின் சுலாவேசி தீவைச் சேர்ந்த 103 புதிய வண்டினங்களுக்கு 2019-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் பெயர் சூட்டப்பட்டது. அனைத்தும் திரிகோனோப்டெரஸ் என்னும் கூன்வண்டுப் பேரினத்தைச் சேர்ந்தவை. அதற்குமுன் அத்தீவிலிருந்து இப்பேரினத்தில் பதிவாகியிருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 1885-இல்!

இவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. பல இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரபணுவையும் ஒப்பிட்டபோதுதான் வேறுபாடு தெளிவானது. 103 பெயர்களுக்கு எங்கே போவது? பச்சை நிற வண்டு ஒன்றுக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ யோடாவின் பெயர் கிடைத்தது.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பேன். இவ்வண்டுகளால் பறக்க முடியாது. ஒரு மலையில் வாழும் இனம் அடுத்த மலைக்குப் போவது அரிது. அதனால்தான் இத்தனை இனங்கள் தனித்தனியே உருவாயின. அதே காரணத்தால், ஒரு மலைக்காடு அழிந்தால் அங்கு மட்டுமே வாழும் இனமும் அதோடு முடிந்துவிடும்.

மின்சாரக் கார் பேட்டரிகளுக்குத் தேவையான நிக்கல் சுலாவேசியில் பெருமளவில் தோண்டப்படுகிறது. சுரங்கத்துக்காகக் காடும் வெட்டப்படுகிறது. எந்த உயிர்கள் பாதிக்கப்படும் என்று பட்டியலிடும்போது, பெயரே இல்லாத உயிரை எப்படிச் சேர்ப்பது? பெயர் சூட்டுவது பாதுகாப்பின் முதல் படி என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் சபா மாநிலத்தின் மாலியாவ் பகுதியில் கிடைத்து, 2018-இல் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயரைப் பெற்ற நீர்வண்டைக் கண்டறிந்த குழுவில் பொதுமக்களும் இருந்தனர். உயிரியல் என்றாலே மருத்துவம் என்று எண்ணும் மாணவர்கள், உயிரினங்களை வகைப்படுத்தும் இத்துறையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமே!