தலைக்கு ஆன வைத்தியம் வயிற்றுக்கு ஆகாதா?

சைக்கிள் வைத்திருக்கும் தோழர்கள் யாவரும் இதைப் பார்த்திருப்பார்கள். பழைய ட்யூபில் காற்றடித்தால், ரப்பர் நைந்துபோன இடம் மாத்திரம் தனியே உப்பிக்கொண்டு நிற்கும். மேலும் அடித்தால் அந்த இடந்தான் வெடிக்கும். நம் சரீரத்திலுள்ள இரத்தக் குழாய்களிலும் சிலருக்கு ஓரிடம் இப்படியே நைந்து புடைத்துக் கொள்ளுகின்றது. டாக்டர்கள் இதற்கு அனியூரிசம் என்று பெயர் சொல்லுகிறார்கள். வெடிக்கும் வரையில் பெரும்பாலும் யாதொரு நோவும் தெரிவதில்லை.

உலகமறிந்த விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றின் பெருந்தமனியிலேயே இந்தப் புடைப்பு இருந்தது. 1948-ல் ருடால்ப் நிசன் என்கிற டாக்டர் அவர் வயிற்றைத் திறந்து, புடைப்பின்மேல் செலபேன் தாளைச் சுற்றிவிட்டார். ஆம், பண்டம் கட்டுகிற செலபேன்தான்! அதனால் தழும்பு உண்டாகிக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் என்பது அக்காலத்துக் கணக்கு. 1955-ல் அது வெடித்து அவர் இறந்துபோனார்.

மூளைக்குள் இருக்கும் புடைப்புக்கோ, மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடுவதே வெகுகாலம் வழியாயிருந்தது. 1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குக்லியெல்மி என்கிற இத்தாலிய டாக்டர், தொடையிடுக்கின் வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்புக்குள் சுருட்டி வைத்தார். சுருள் சரியாக உட்காராவிட்டால் திரும்ப இழுத்துக் கொள்ளலாம். உட்கார்ந்த பின் சிறிது மின்சாரம் விட்டால் இணைப்பு கரைந்து சுருள் கழன்று கொள்ளும். வெடித்த புடைப்புடைய 2,143 பேரை வைத்துச் செய்த சோதனை 2002-ல் வெளியாயிற்று. ஒரு வருஷத்திற்குப் பின் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் கிளிப் போட்டவர்களில் 100-க்குச் சுமார் 31 பேர்; சுருள் வைத்தவர்களில் சுமார் 24 பேர்.

இனி வயிற்றுக்கு வருவோம். உள்ளபடி சொன்னால் சுருள் என்பது மூளைக்காரர்களின் சொந்தச் சொத்தல்ல. 1975-லேயே ஜியான்டுர்கோ என்பவர் உடம்பின் மற்ற குழாய்களை அடைக்க உருக்குச் சுருளைக் கொண்டுவந்து விட்டார். ஆனால் அதைத் தள்ளிவிட்டால் தள்ளிவிட்டதுதான், திரும்ப இழுக்க முடியாது. அந்தக் குறையை நிவர்த்தித்தது மூளை வைத்தியம். அப்படியிருக்க, திருத்திய சாமானை வயிற்றுக்குத் திருப்பித் தருவதில் என்ன தடை?

மண்ணீரலுக்குப் போகும் குழாயில் புடைப்பென்றால் அந்தக் குழாயையே அடைத்துவிடலாம். இரைப்பைப் பக்கத்துச் சிறு குழாய்கள் மண்ணீரலுக்கு இரத்தம் கொடுக்கும். சிறுநீரகத்தின் கதை வேறு. அதன் கிளைக்குழாயை அடைத்தால் அந்தப் பாகம் செத்துவிடும். புடைப்பை மூடவேண்டும், குழாயும் திறந்திருக்க வேண்டும் என்கிற இந்தச் சங்கடம் மூளையில் நித்தியம் உள்ளதேயாகும். அதற்கென்று அங்கே கண்டுபிடித்தவைதான் வாயை மறைக்கும் பலூனும், சுருளைத் தாங்கும் வலைக்குழாயும், இரத்த ஓட்டத்தையே திருப்பிவிடும் நெருக்கமான வலைக்குழாயும். இக்கருவிகளைக் கொண்டு சிறுநீரகம், ஈரல், மண்ணீரல் குழாய்களைப் பழுதுபார்த்த டாக்டர்கள் இருக்கிறார்கள். (பெருந்தமனிக்கு இவை போதா. அதற்கு 1990-ல் ப்யூனஸ் அயர்ஸில் பரோடி உள்ளே பொருத்திய துணிக்குழாய் முறை தனி.)

"தலை வேறு, வயிறு வேறு" என்பார் சிலர். அதில் நியாயம் உண்டு. மூச்சு விடுந்தோறும் மண்ணீரலும் சிறுநீரகமும் அசைகின்றன, மண்டைக்குள் அப்படியில்லை. வலைக்குழாய் வைத்தால் இரத்தம் உறையாதிருக்க மருந்தும் சாப்பிட வேண்டும். ஓட்டம் திருப்பும் வலைக்குழாய்க்கு அமெரிக்காவில் 2011-ல் கிடைத்த அனுமதியும் மூளைக் குழாய்க்கே. ஆகவே மூளையின் கணக்கைக் காட்டி வயிற்றுக்கு வாக்குறுதி கொடுப்பது யோக்கியமாகாது. வயிற்றில் செய்ததை, பலித்ததும் பலிக்காததும் சேர்த்து, வயிற்றின் கணக்காகவே எழுதிவைக்க வேண்டும். ஆனால் "இது எங்கள் பகுதிச் சாமான்" என்று பீரோவில் பூட்டி வைப்பது கணக்குமல்ல, வைத்தியமுமல்ல.

இதில் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள் பெண்கள். வயிற்று உறுப்புகளுக்குப் போகும் குழாய்களில் அதிகமாகப் புடைப்பது மண்ணீரல் குழாய். அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கர்ப்ப காலத்தில் அது வெடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்ட தாய்மார் இறந்ததாகப் பழைய வைத்தியக் குறிப்புகள் சொல்லுகின்றன. சிசு பிழைப்பது அதைவிட அரிது. அதனாலேயே, பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு இந்தப் புடைப்பு தெரிந்தால், அது எவ்வளவு சிறிதானாலும் வைத்தியம் செய்துவிட வேண்டும் என்று அமெரிக்க இரத்தக்குழாய் வைத்தியர் சங்கம் 2020-ல் எழுதிவைத்தது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இது தென்பட்டு, "சிறிதுதானே, பிறகு பார்க்கலாம்" என்று எந்தப் பெண்ணிடமாவது சொன்னால், அவள் வீட்டார் எழுந்து வந்துவிடாமல், எப்பொழுது, யார், எதைக்கொண்டு பார்ப்பீர்கள் என்று அங்கேயே கேட்கட்டும்.