கோடைக் கூடையில் கூலிக்காரனுக்குப் பங்கு எங்கே?

தை மாதம் காவிரிப் பாசனத்தில் சம்பா அறுவடை. அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னதாகவே, கதிர் நிற்கும் வயலில் ஈரம் காயுமுன் உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளிக்கிறார்கள். ஏக்கருக்குப் பத்து கிலோ விதை. அப்புறம் உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. பனியையும் மண் ஈரத்தையும் குடித்தே செடி வளர்கிறது. பங்குனி, சித்திரையில் காய் முற்றுகிறது. வெயில் ஏறுமுன் வயலில் இறங்கி, வளைந்த முதுகு நிமிராமல் செடியைப் பறித்துக் களம் சேர்ப்பவர்கள் யார்? நம் தாய்மார்களும் சகோதரிகளும்தான்.

அந்த உளுந்தில் தினம் இட்லி சாப்பிடுவது யார்? அவர்கள் அல்ல!

இதுதான் தஞ்சைத் தரணியின் கதை. விளைய வைக்கிறவன் ஒருவன், ருசி பார்க்கிறவன் இன்னொருவன்.

இப்போது பட்டணத்தில் புதிய ஏற்பாடு ஒன்றைப் புகழ்ந்து பேசுகிறார்கள். 'பண்ணைப் பங்கு' என்கிறார்கள். சாப்பிடும் குடும்பங்கள் பருவம் தொடங்குமுன்பே பண்ணைக்குப் பணம் கட்டிவிடும். விளைந்ததில் ஒரு பங்கு வாராவாரம் கூடையில் வீடு தேடி வரும். கோடையென்றால் வெள்ளரிப் பிஞ்சு, கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், கீரைக்கட்டு! விளைச்சல் பெருகினால் கூடை நிறையும். மழை கெடுத்தால் கூடை குறையும். லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் பங்கு என்பதே இதன் தத்துவம்.

ஜப்பானில் விஷ மருந்தில்லாத உணவு தேடிய தாய்மார்கள் 1960களிலும் 70களிலும் விவசாயிகளோடு நேரடியாக இப்படி உடன்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1986ல் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின. இன்று நம் நாட்டு நகரங்களிலும் வசதி படைத்தோர் வாசலில் கூடை இறங்குகிறது.

"பார்த்தீர்களா! தரகன் ஒழிந்தான், விவசாயி பிழைத்தான். போராட்டம் எதற்கு, சங்கம் எதற்கு?" என்று சில புண்ணியவான்கள் கேட்கிறார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்லுவோம்.

ருசி பணக்காரன் சொத்தா?

நல்ல காய்கறி தின்பதை நாம் குறை சொல்லவில்லை. கொள்ளிடப் படுகையில் காலையில் பறித்த கத்தரிக்காயை அன்று மதியமே குழம்பில் போட்டுத் தின்னும் சுகம், வெயிலுக்கு இரண்டு நுங்கு, உப்பும் மிளகாயும் தொட்ட மாங்காய்க் கீற்று – இவை மனிதனாகப் பிறந்த எல்லோருக்கும் உரியவை. வேலை முடிந்து வெந்து திரும்பும் மில் தொழிலாளிக்கு வாடிய வெண்டைக்காயும் புழுத்த பருப்பும் போதும் என்று எந்த சாஸ்திரம் சொல்லுகிறது? கூடை வேண்டும் என்றுதான் நாமும் சொல்லுகிறோம். அது யார் வீட்டுக்குப் போகிறது, யார் கையால் நிரம்புகிறது என்பதே நம் கேள்வி.

பண்ணை முதலாளிக்கு முன்பணம் வருகிறது. கூடையை நிரப்பும் கூலிக்காரிக்கு என்ன வருகிறது? அதே தினக்கூலி! சாப்பிடுகிறவருக்கும் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு; பாடுபடுகிறவளுக்கு மட்டும் பங்கு இல்லை. இதற்குப் பெயர் பங்கா?

பங்கு என்ற சொல்லுக்கு இரத்த விலை

பங்கு என்பதைத் தஞ்சைக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டாம். மிராசுதார் வரப்பில் நின்றான், குடை பிடித்தான், விளைச்சலில் பெரும்பங்கை அள்ளினான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சவில்லை. எதிர்த்துக் கேட்ட பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்! தோழர் பி. சீனிவாசராவ் சேரிக்குச் சேரி நடந்து செங்கொடிச் சங்கம் கட்டிய பிறகே அந்தக் கொடுமை ஒழிந்தது. 1952ல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றாயிற்று. சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்ததா? போராடிப் பெற்றது!

1968 டிசம்பர் 25ஐ மறக்க முடியுமா? கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். கீழவெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 உயிர்களை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அரைப்படிக்கு 44 உயிர் கொடுத்த மண்ணில் வந்து, பங்கென்றால் வாரக்கூடை என்று பாடம் நடத்துகிறார்கள்!

நஷ்டத்தைச் சுமப்பது யார்?

கூடைக்காரர்கள் நஷ்டத்திலும் பங்கு என்கிறார்கள். நல்லது. டெல்டாவில் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள், பார்ப்போம்.

தையில் பருவம் தவறி மழை கொட்டினால் முளைத்த பயறு அழுகிறது. நிவாரணம் யாருக்கு? அடங்கலில் பெயர் உள்ளவருக்கு. கோயில் நிலத்தையும் மட நிலத்தையும் வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுகிறவன் பெயர் ஏட்டில் ஏறுவதே பெரும்பாடு. பறிப்பு வேலை போன கூலிக்காரி பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. நெல்லறுப்பை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. கோடையில் மிச்சமிருப்பது பயறு பறிப்பும் பருத்தி எடுப்பும்தான். அதுவும் போனால் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கும்வரை அடுப்பு எப்படி எரியும்?

தரகனை ஒழிக்க சர்க்காரும் ஒரு வழி செய்தது. 1999 நவம்பர் 14ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அங்கே கடை போட விவசாயி என்ற அடையாள அட்டை வேண்டும். நிலமில்லாதவனுக்கு ஏது அட்டை?

சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம்? நிலத்தில்!

மில்லும் வயலும்

மில் தோழரே, இது வயற்காட்டு விவகாரம் என்று ஒதுங்காதீர். சம்பா அறுத்த திருவாரூர், மயிலாடுதுறை வயல்களில் கோடையில் பருத்தி விளைகிறது. வைகாசி, ஆனி வெயிலில் அதை எடுப்பதும் அதே பெண்களின் கைதான். அந்தப் பஞ்சு மில்லுக்கு வந்து நூலாகிறது. அவள் கூலியைக் குறைப்பவனும் உம் பஞ்சப்படியை வெட்டுபவனும் ஒரே வர்க்கம். டெல்டாவில் பிழைப்பில்லாமல் திருப்பூர் போன பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகளும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் காசு சேர்த்துக் கூட்டுறவுக் கடை வைத்தார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலப்படமில்லாமல் விற்றார்கள். கேரளத்தில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நிலமில்லாப் பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்துப் பயிர் செய்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

தை பிறக்குமுன் மில் சங்கங்கள் முன்பணம் திரட்டட்டும். விவசாயத் தொழிலாளர் பெண்கள் கூட்டுறவாக நின்று பயிர் வைக்கட்டும். கெடாத உளுந்தும் பயறும் கோவைக்கும் திருப்பூருக்கும் போகட்டும். காயும் கீரையும் தஞ்சை, கும்பகோணம் தொழிலாளர் வீடுகளுக்குப் போகட்டும். வட்டிக்காரன் முன்பணத்துக்கு அடகு கேட்பான். சங்கத்தின் முன்பணத்துக்குத் தோழமையே அடகு.

"இது சீர்திருத்தம், வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிக்கும்" என்று சில தோழர்கள் சொல்லலாம். போராட்டத்துக்குப் பதிலாக வைத்தால் மழுங்கடிக்கும். போராட்டத்தோடு வைத்தால் கூர்மையாக்கும். பயிர் வைக்கக் கூட்டுறவு கிளம்பினால் முதல் கேள்வியே "நிலம் எங்கே?" என்பதுதான்.

ஆகவே கேட்போம்: தை அறுப்புக்கும் மேட்டூர்த் தண்ணீருக்கும் இடையே உள்ள மாதங்களில், தரிசாகக் கிடக்கும் கோயில், மட, புறம்போக்கு நிலங்களை விவசாயத் தொழிலாளர் பெண்கள் குழுக்களுக்கு நியாயமான குத்தகைக்கு விடு! குத்தகைதாரன் பெயரை ஏட்டில் ஏற்று! பயிர் நிவாரணத்தில் கூலித் தொழிலாளிக்கும் பங்கு கொடு! உழவர் சந்தையில் கூட்டுறவுக்கு இடம் கொடு!

அந்த நாளில் கூடை நிரம்பும். நிரப்பியவள் வீட்டிலும் இட்லி வேகும்.

உழுபவனுக்கே நிலம்! உழைப்பவனுக்கே பலன்!

தொழிலாளர் – விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!