கெல்லியின் மாளிகையும் 10 வெள்ளியும்

ஈப்போவை அடுத்த பத்து காஜா அருகே ஒரு மாளிகை கட்டி முடிக்கப்படாமல் நிற்கிறது. ரப்பரில் பணம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் எழுப்பத் தொடங்கியது. மின்தூக்கிக்குக்கூட அதில் இடம் விட்டிருந்தார். மாளிகைக்காக உழைத்த தமிழர்களில் பலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் கேட்டது ஒரு மாரியம்மன் கோயில். கட்டிக்கொடுத்தார். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு கெல்லி இறந்ததும் மாளிகை அப்படியே நின்றது. கோயிலில் பூசை நிற்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி, ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று முடிப்பது மேடைப் பேச்சாளர்களுக்கு வசதி. விடியுமுன் வாளியோடு பால்மரத்துக்குப் போனவரிடம் அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு ஆசைப்படவே இடமில்லாமல் இருந்தது.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்துக் குடும்பங்களுக்கு வேலையோடு வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகவும் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் மூட்டியது ஆசையைத்தான், சொந்த மண் என்ற ஆசையை. போதுமென்ற மனத்தைப் போதித்திருந்தால் ஒரு காசு சேர்ந்திருக்காது.

கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியபோது, பால் வெட்டியவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள்.