பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

போன ஞாயித்துக்கிழமை ஆணி புடுங்குற வேலை இல்லாததால ஊருக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் பண்றப்ப ஒரு சிடி கிடைச்சது. 2006ல தங்கச்சியோட காதுகுத்து. அதுல எங்க தாத்தா மைக்கைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பேசியிருப்பார். அடுத்த வருஷமே போய்ட்டார். அவர் குரல் வேற எங்கயும் இல்ல.

டிரைவ்ல போட்டா நாலு நிமிஷம் நாதஸ்வரம் ஓடுச்சு. தாத்தா வர்றதுக்கு முன்னாடி கிர்ர்ர்னு ஒரு சத்தம், அவ்ளோதான், நின்னுடுச்சு. கூட இருந்த நண்பன் சொன்னான்: "விட்றா மச்சி, பத்து ரூவா பிளாஸ்டிக். இருபது வருஷம் தாங்குமா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மக்களே இந்தப் பதிவு. அந்தப் பிளாஸ்டிக் மேல இப்படிப் பழி போடாதீங்க!

அது பாலிகார்பனேட். 1.2 மில்லிமீட்டர் தடிமன். நாம அதை தகவலைச் சுமக்குற தட்டுன்னு நினைக்கிறோம். நிஜத்துல அது ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யுது. அதோட ஒளிவிலகல் எண் சுமார் 1.55. சிடி டிரைவோட லேசர் காத்துல 780 நானோமீட்டர் அலைநீளம்; பிளாஸ்டிக்குக்குள்ள நுழைஞ்சதும் 500க்குச் சுருங்கிடும். கம்பெனியில அச்சடிச்ச சிடியில இருக்குற குழிகளோட ஆழம் கிட்டத்தட்ட அதுல கால்வாசி. குழியில பட்டுத் திரும்புற ஒளியும் மேட்டுல பட்டுத் திரும்புற ஒளியும் அரை அலை தள்ளிப்போய் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். வெளிச்சம் குறையுது, டிரைவ் கண்டுபிடிச்சுடுது. அதாவது குழியோட ஆழத்தைத் தீர்மானிக்கிறதே பிளாஸ்டிக்கோட ஒளியியல்தான்.

இன்னும் இருக்கு. லேசர் கீழ்ப்பரப்புல நுழையறப்ப அதோட வட்டம் சுமார் 0.8 மில்லிமீட்டர். உள்ள தகவல் அடுக்குக்குப் போறப்ப 1.7 மைக்ரான்தான். நானூறு மடங்குக்கு மேல சுருங்குது. அதனால கீழ்ப்பக்கம் ஒட்டுற தூசி, மெல்லிய கீறல் எல்லாம் ஃபோகஸுக்கு வெளிய போய்டும். பஸ் ஜன்னல்ல ஒட்டுன தூசி, தூரத்து மரத்தைப் பாக்குறப்ப கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதே கதைதான். மீறி ஏதாவது விட்டுப்போனாலும் பிழைதிருத்தம் பாத்துக்கும். பாதையில ரெண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் காணாமப் போனாலும் முழுசா மீட்டுடும்.

குறையே இல்லையான்னு கேக்குறீங்களா? இருக்கு. அச்சுல ஊத்தி சட்டுன்னு ஆறவிட்டா மூலக்கூறுகள் ஒரே பக்கமா இழுபட்டு உறைஞ்சு, ஒளி ரெண்டு வேகத்துல போகும். அக்ரிலிக்ல இந்தத் தொல்லை கம்மி. ஆனா அக்ரிலிக் ஈரத்தைக் குடிச்சு வளையும். நம்ம ஊர் ஐப்பசி மழைக்கு எது தாங்கும்னு நீங்களே சொல்லுங்க.

அப்போ குற்றவாளி யாரு? சிடியைத் திருப்பிப் பாருங்க. பேர் எழுதுற பக்கம்! தகவல் அங்கதான் இருக்கு. வீட்டுல எழுதுற சிடின்னா சாய அடுக்கு, மேல உலோகம், அதுக்கு மேல சில மைக்ரான் வார்னிஷ், அவ்ளோதான். கீழ்ப்பக்கத்தைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டு, மேல்பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டுவோம், பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதுவோம். (டிவிடின்னா தகவல் ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்கு, தப்பிச்சது.) கீறல் விழுந்த சிடிக்கு டூத்பேஸ்ட் போடுங்கன்னு சொல்ற மகராசன்களே, அந்த வைத்தியம் கீழ்ப்பக்கத்துக்கு மட்டும்தான். உலோகம் உரிஞ்சு போனா எந்தப் பேஸ்ட்டும் தாத்தாவைக் கொண்டு வராது.

ரெண்டாவது குற்றவாளி, எழுதுற சிடி அட்டைப்பெட்டியில "நூறு வருஷம்"னு அச்சடிச்ச புண்ணியவான்கள். பாலிகார்பனேட் தாங்கும் சாமி, அந்த சாயம் தாங்கணுமே! வெயிலும் சூடும் பட்டா சாயம் வெளுத்துடும். நம்ம பரணோட சூடு தெரியும்ல?

எங்க சிடியை ட்யூப்லைட் முன்னாடி தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். கீழ்ப்பக்கம் பளபளன்னு ஒரு கீறல் இல்ல. ஆனா வெளிச்சம் கோடு கோடா ஒழுகுது. அந்தக் கோடெல்லாம் எழுத்து. "தாத்தா பேசினது. பத்திரம்." தாத்தா போனப்புறம் பால்பாயிண்ட்ல நல்லா அழுத்தி எழுதி வச்சது நான்தான். அப்ப எனக்கு ஒன்பது வயசு.

இப்ப சொல்லுங்க, பிளாஸ்டிக் மேல தப்பா?

உங்க வீட்டு பரண்லயும் ஒரு சிடி இருக்கும். இன்னைக்கே இறக்குங்க. நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. வட்டக்கீறல் பாதையோடயே ஓடி பிழைதிருத்தத்தைத் தோற்கடிச்சுடும். ரெண்டு இடத்துல நகல் எடுத்து வைங்க. அப்புறம் வந்து பின்னூட்டத்துல என்னைக் கும்முங்க :-)