காணொளி வகுப்பில் தமிழ் எங்கே?

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை அறியாத தமிழர் இரார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது உரோமநாட்டுக் கலங்களும், கண்ணாடி மணிகளும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. ஆங்குக் கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்றே அவர் கருதினார். பின்னாளிலும் சாயத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டு அகலவில்லை. அவுரிச் செடியினின்று எடுத்த நீலத்தில் தோய்த்த புதுவைத் துணி, பிரெஞ்சுக்காரர் கப்பல்களில் ஏறி ஆப்பிரிக்காவின் செனகால் வரையிற் சென்றது. அந்நீலத்தின் உள்ளமைப்பைச் செருமானிய வேதியியலறிஞர் அடோல்ப் பேயர் ஆய்ந்து கண்டார். 1897இல் செருமானியத் தொழிற்சாலையொன்று செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்நாட்டு அவுரிப் பயிர் வீழ்ச்சியுற்றது. ஒரு மூலக்கூற்றின் அமைப்பை அறிந்தவன் கை ஓங்கியது. அறியாதவன் வயல் தரிசாயிற்று. கரிம வேதியியல் நமக்கெதற்கு என்று வினவுவார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுவதில்லை.

அக்கரிம வேதியியலை இன்று நம் பிள்ளைகள் எங்ஙனம் கற்கின்றனர்? பெரும்பாலோர் கையடக்கத் திறன்பேசியில், இணையவழிக் காணொளியிற் கற்கின்றனர். 2020இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறுவழியின்றித் தொடங்கிய பழக்கம் இன்று நிலைத்துவிட்டது. இதனை யாம் வெறுக்கவில்லை. நகரத்துத் தனிப்பயிற்சிக்குப் பணங்கட்ட இயலாத மீனவர் மகளும் உழவர் மகனும் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒரு நல்லாசிரியரைக் காண முடிகின்றதே, அது சிறிய பேறன்று. கரும்பலகையில் ஆசிரியர் மீத்தேனை வரைந்தால் அது தட்டையான சிலுவைபோல் தோன்றும். உண்மையில் அதன் நான்கு பிணைப்புகளும் 109.5 பாகைக் கோணத்தில் நாற்புறமும் விரிந்து நான்முகி வடிவில் நிற்பன. அவ்வடிவத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும் ஆற்றல் காணொளிக்கே உண்டு. விளங்காத இடத்தில் நிறுத்தலாம், பத்துமுறை திருப்பிக் கேட்கலாம், எவரும் சினவார்.

ஆயின், எம்மொழியில் கேட்கின்றனர் என்பதே ஈண்டு வினா.

புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023–24ஆம் கல்வியாண்டில் அவை பதினொன்றாம் வகுப்பிலும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டன. கீழ்வகுப்புகளில் தமிழில் அறிவியல் பயின்று வந்த பிள்ளை, கரிம வேதியியலை விரிவாகக் கற்கத் தொடங்கும் அதே நாளில் மொழியையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் இரு மலைகளை ஏறச் சொல்வது கல்வியா? காணொளியைத் துணைக்கழைத்தாலோ, முழு ஆங்கிலம் ஒருபுறம். தமிழ் என்று பெயர் சூட்டிக்கொண்டு, வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் மட்டும் தமிழில் வைத்து எஞ்சிய அனைத்தையும் ஆங்கிலத்தில் அடுக்கும் கலவைமொழி மற்றொருபுறம். “பாண்டு பிரேக் ஆகி எலக்ட்ரான் மூவ் ஆகும்” என்று கேட்ட பிள்ளை, தேர்வில் அதனை எம்மொழியில் எழுதும்? ஆங்கிலமும் வாராது, தமிழும் வாராது. “பிணைப்பு அறுகின்றது; மின்னணு நகர்கின்றது” என்றால் எவர்க்கு விளங்காது போகும்?

இஃது உணர்ச்சியால் மட்டும் உரைப்பதன்று. பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இத்துறைக்கிட்ட பெயர், உயிருறுப்பு எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்தது. உயிர்களின் உடலிலுள்ள பொருள்களை உயிராற்றலின்றி ஆக்கவே முடியாது என்று முன்னோர் நம்பிய காலத்துப் பெயர் அது. 1828இல் பிரீட்ரிக் வோலர் என்னும் செருமானியர், அம்மோனியம் சயனேட்டு என்னும் உயிரிலாப் பொருளினின்றே, விலங்கின் சிறுநீரிற் காணப்படும் யூரியாவை ஆக்கிக் காட்டினார். அந்நம்பிக்கை ஆட்டங்கண்டு நாளடைவில் மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சிற்று. ஈழத்துப் பாடநூல்களில் வழங்கும் ‘சேதனம்’ என்னும் வடசொல்லும் அப்பழம் பொருளையே சுமந்து நிற்கின்றது. இன்றோ கடைத்தெருவில் இயற்கை உரமிட்ட காய்கறிக்கும் அதே ஆங்கிலப் பெயர்! பிள்ளை குழம்பாது என் செய்யும்? தமிழில் ‘கரிமம்’ என்கின்றோம். கரியை முதலாகக் கொண்ட சேர்மங்களின் இயலே கரிம வேதியியல். கரிவளி போன்ற சில எளிய பொருள்களை விலக்கிவிட்டால், இத்துறையின் வரையறை அப்பெயரிலேயே அடங்கிவிடுகின்றது. ஆங்கிலப் பெயர் பழைய பிழையைச் சுமக்க, தமிழ்ப்பெயர் உண்மையைச் சுமக்கின்றது.

இனிச் சேர்மங்களுக்குப் பெயரிடும் முறையைக் காண்க. பிள்ளைகள் பெரிதும் அஞ்சும் பகுதி இதுவே. ஆயின் பகுபத உறுப்பிலக்கணம் பயின்ற தமிழ்ப்பிள்ளைக்கு இதில் அச்சமென்ன? ‘ஈத்’ என்பது பகுதி. இரண்டு கரிம அணுக்கள் எனப் பொருள்படும். ‘ஏன்’, ‘ஈன்’, ‘ஐன்’ என்பன அதன்மேல் வரும் ஒட்டுகள். முறையே ஒற்றை, இரட்டை, மும்மைப் பிணைப்பைக் காட்டும். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் எனப் பெயர்கள் விளைகின்றன. இறுதியில் ‘ஆல்’ என்னும் விகுதி சேரின் அது சாராய வகையென அறிக. ஈத்தேனும் ஆலும் புணர்ந்து எத்தனால் ஆகுங்கால், ஆங்கில எழுத்தில் முன்னதன் ஈற்றில் நிற்கும் உயிரெழுத்துக் கெடும். வருவது மெய்ம்முதலாயின் கெடாது. காசு, இல்லை என்பன புணர்ந்து ‘காசில்லை’ என உகரம் கெடுவதும், ‘காசு தந்தான்’ என்புழிக் கெடாது நிற்பதும் போல்வதே இது. நன்னூல் நடத்தும் ஆசிரியர் ஒரு மணிநேரம் வேதியியலாசிரியரோடு அமர்ந்தால், பிள்ளைகளின் ஓராண்டு அச்சம் ஓடிப்போகும்.

மாற்றியம் என்பதும் அவ்வாறே. ‘தேன்மலர்’ வேறு, ‘மலர்த்தேன்’ வேறு, சொற்கள் அவையே, இணைந்த முறைதான் மாறிற்று. இரண்டு கரிமமும் ஆறு நீரகமும் ஓர் உயிரகமும் ஒருவகையில் இணையின் 78 பாகையளவில் கொதிக்கும் எத்தனால். வேறுவகையில் இணையின் சுழியத்துக்குக் கீழ் 24 பாகையளவிலேயே கொதித்து வளியாகிவிடும் இருமெத்தில் ஈத்தர். நான்கு கரிமங்கொண்ட பியூட்டேனுக்கு 2 மாற்றியங்கள். ஐந்துகொண்ட பென்டேனுக்கு 3. பத்துக்கொண்ட டெக்கேனுக்கோ 75. மனப்பாடம் செய்து இதனை வெல்ல முடியுமா? விளங்கிக்கொண்டே வெல்ல வேண்டும். விளக்கம் தாய்மொழியிற்றான் வேர்கொள்ளும்.

“மேற்படிப்பு ஆங்கிலத்தில் உள்ளதே, தமிழிற் படித்தால் பிள்ளை பின்தங்காதா?” என்பர் சிலர். நேர்மையான வினாவே. ஆங்கிலக் கலைச்சொல்லைக் கற்பிக்க வேண்டா என்று யாம் கூறவில்லை. முதலில் பொருள் தமிழில் விளங்குக. அதன்பின் அப்பொருளுக்கு ஆங்கிலத்தில் இன்ன பெயர் என்று அறிக. விளங்காத பொருளுக்கு ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்த பிள்ளையே மேற்படிப்பில் இடறுகின்றது. 2004இல் தொலைவிலிருந்த தம் உறவுச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கிய அமெரிக்கர் சல்மான் கானின் காணொளிகள் உலகெங்கும் பரவியதற்குக் கரணியம் பளபளப்பன்று. பழகிய மொழியில், பக்கத்திலமர்ந்து சொல்வதுபோற் சொன்னமையே. அவர்க்குப் பழகிய மொழி ஆங்கிலம். நம் பிள்ளைக்கு?

தமிழுக்கு இது புதிய முயற்சியுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1875இல் வேதியியல் நூலும் தமிழில் வந்தது. அதற்கு இட்ட பெயர்தான் ‘கெமிசுதம்’. 1916இல் இராசாசி முதலியோர் சேலத்திலிருந்து அறிவியற் கலைச்சொற்களுக்கென்றே இதழ் நடத்தினர். ‘கெமிசுதம்’ என்றிருந்த நிலையினின்று ‘வேதியியல்’ என்னுமளவும் நடந்து வந்த மொழி, காணொளிக்கு வந்ததும் கால் மடக்கி அமர வேண்டுமா?

எனவே செய்யத்தக்கன இவை. 2023 சூலையில் நடுவண் வாரியமே இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளப் பள்ளிகளுக்கு இசைவளித்துள்ளது. அவ்விசைவை ஏட்டளவில் விடாது, அறிவியலைத் தமிழிற் கற்க விரும்பும் பிள்ளைக்கு அவ்வழியைப் புதுவை அரசு திறந்துவிடுக. தமிழாசிரியரும் வேதியியலாசிரியரும் இணைந்து, பாடத்திட்டத்தின் கரிம வேதியியல் அடிப்படைகளையும் நீரகக்கரிமங்களையும் பத்துப்பத்து நிமையக் காணொளிகளாகத் தூய எளிய தமிழில் ஆக்குக. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே முடிவுசெய்து, ஆங்கிலப் பெயரையும் அருகில் காட்டுக. பலர் பல சொல் ஆண்டால் பிள்ளைக்கே இடர். காணொளி முடிந்ததும் பிள்ளை தன் கையால் பிணைப்புகளை வரைந்து பார்க்கப் பயிற்சித்தாள் தருக. நீந்துவதைப் பார்த்தவன் நீந்தக் கற்றவனல்லன்.

ஆசிரியத் தோழர்களே! அன்று செருமானியன் தன் மொழியில் நீலத்தைக் கற்றான்; நம் வயலை வென்றான். நம் பிள்ளைகள் தம் மொழியில் கற்கும் நாளை நாமே தொடங்குவோம். ஒரு திறன்பேசி, ஒரு கரும்பலகை, நல்ல தமிழ், இவை போதும். எழுமின்!