கல்நார் வியாதியும் அதன் பெயரும்

புத்தகத்தில் கல்நார் என்றும், கடைத்தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றும் சொல்லப்படுகிற பொருளின் தூசியால் உண்டாகும் நெஞ்சு வியாதிகளைப்பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுதுகிறோம். நாம் வைத்தியம் படித்தவரல்ல. யாருக்கும் மருந்து சொல்லவும் வரவில்லை. ஆனால் இவ்வியாதிகளுக்கு என்ன பெயர் எழுதப்படுகிறது என்பதில் பெரியதொரு சங்கதி அடங்கியிருப்பதை எடுத்துச் சொல்ல வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. வியாதி தொழிலாளியின் மார்பில் இருக்கிறது. அவன் பெண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்குமா கிடைக்காதா என்பதோ, டாக்டர் காகிதத்தில் எழுதும் பெயரில் இருக்கிறது.

பெயர் என்னவாயிருந்தால் என்ன, சாகிறவன் சாகத்தானே போகிறான் என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

அவ்வூரில் நெல்லி கெர்ஷா என்று ஒரு ஸ்திரீ இருந்தாள். சிறு பெண்ணாயிருந்த காலம் முதலே மில் வேலை. டர்னர் பிரதர்ஸ் என்னும் கல்நார்க் கம்பெனியில் கல்நாரை நூலாக்கும் வேலை பார்த்துவந்தாள். மூச்சு முட்டி முட்டி, 1922-ல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பார்த்த டாக்டர், இது கல்நாரின் விஷத்தால் வந்தது என்று சர்டிபிகேட் எழுதிக்கொடுத்தார். அவர் யோக்கியமாய் எழுதியது அவளுக்கே வினையாய் முடிந்தது. எப்படியென்றால், நோய்க்கால உதவிப் பணம் கொடுக்கவேண்டிய சங்கத்தார், “இது தொழிலால் வந்த வியாதி, ஆகையால் முதலாளியைப் போய்க் கேள்” என்றார்கள். முதலாளியோ, “கல்நார் விஷமல்ல, இப்படியொரு வியாதி சட்டத்தின் அட்டவணையிலேயே இல்லை, ஆகையால் நஷ்டஈடு கிடையாது” என்றான். தொழில் வியாதி என்பதால் அங்கே இல்லை. அப்படியொரு தொழில் வியாதியே இல்லை என்பதால் இங்கேயும் இல்லை! 1924 மார்ச்சு மாதம் தனது 33-வது வயதில் அவள் இறந்துபோனாள். புதைக்கிற செலவுக்குக்கூடக் கம்பெனி பணம் கொடுக்கவில்லை. கொடுத்தால் நாளைக்கு இன்னொருவன் வந்து கேட்பான் என்கிற பயந்தான்.

அதன்மேல் மரண விசாரணை நடந்தது. குக் என்னும் டாக்டர் அவள் நுரையீரலை அறுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதிலே பழைய க்ஷயரோகத்தின் ஆறிப்போன வடுவும் இருந்தது. வேறொருவராயிருந்தால் “க்ஷயத்தில் செத்தாள்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கைகழுவிக்கொண்டு போயிருப்பார். கம்பெனிக்கும் அது சர்க்கரையாய் இனித்திருக்கும். குக் அப்படிச் செய்யவில்லை. ஆறின வடு வேறு, நுரையீரல் பூராவும் நார்போல் இறுகிக்கிடக்கும் தழும்பு வேறு என்று பிரித்தார். தழும்புக்குள் கிடந்த கூரிய துணுக்குகளைக் கல்நார்த் தூசியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவைதான் இவை என்று சொன்னார். 1927-ல் அவ்வியாதிக்கு ஆஸ்பெஸ்டோஸிஸ் என்று பெயரும் வைத்தார். பிறகுதான் சர்க்கார் கண் திறந்தது. மெரிவெதர் என்னும் டாக்டர் கல்நார்த் தொழிலாளர் 363 பேரைச் சோதித்ததில், நான்கில் ஒரு பங்குக்குமேல் நுரையீரல் தழும்பு இருந்ததாக 1930-ல் அறிக்கை வந்தது. 1931-ல் தூசியை அடக்கச் சட்ட விதிகள் வந்தன. ஒரு டாக்டர் இரண்டு வடுக்களை ஒன்றென்று சொல்லாமல் இரண்டென்று சொன்னதிலிருந்து இவ்வளவும் கிளம்பிற்று.

நிற்க, இனி இவ்வியாதிகளை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். கல்நார் என்பது கல்லானாலும் பஞ்சுபோல் பிரியக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையாகி, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடுகிறது. உடம்பு அதைக் கரைக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல், சுற்றிச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. இத்தழும்புதான் ஆஸ்பெஸ்டோஸிஸ். இது பெரும்பாலும் நுரையீரலின் கீழ்ப்பாகத்தில் தொடங்கும். நாளாக ஆக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; பிறகு நடந்தாலே வாங்கும்; வறட்டு இருமல் வரும். டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டால், மூச்சு இழுத்து முடியும் தறுவாயில், தலைமயிரைக் காதருகே விரலால் தேய்த்தாற்போல ஒரு சத்தம் கேட்கும். சிலருக்கு விரல் நுனிகள் முரசுக்கோல்போல் தடித்துவிடும். இதெல்லாம் வேலைக்குப் போன மறுவருஷமே வருவதல்ல. பத்து, இருபது வருஷம் கழித்து வருவது. தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது.

க்ஷயரோகமோ ஒரு கிருமியினால் வருவது. வழக்கமாக நுரையீரலின் மேல்பாகத்தைப் பிடிக்கும். சாயங்காலத்தில் காய்ச்சல், இராத்திரியில் வியர்வை, சளியில் இரத்தம், உடம்பு இளைப்பு. சளியைச் சோதித்தால் கிருமி அகப்படும். சாதாரண க்ஷயமானால் ஆறு மாதம் ஒழுங்காய் மருந்து சாப்பிட்டால் குணமாகும். கல் உடைக்கிறவர்களுக்கும் குவாரியில் துளை போடுகிறவர்களுக்கும் வரும் சிலிக்கோஸிஸ் என்பது இன்னொன்று. அது மணிமணியாக, பெரும்பாலும் மேல்பாகத்தில் காணும்; க்ஷயத்தையும் கூடவே இழுத்துவரும். ஆக மூன்றிலும் இருமல் உண்டு, மூன்றிலும் மூச்சு முட்டும். காரணம் மூன்று, வழியும் மூன்று. அப்படியிருக்க மூன்றுக்கும் “நெஞ்சுக்கோளாறு” என்று ஒரே சீட்டு எழுதிக் கொடுத்தால் அது வைத்தியமாகுமா என்று கேட்கின்றோம். இது பூர்வ ஜன்ம வினை என்று சொல்லுகிறவனுடைய சீட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருப்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காரணம் இன்னதென்றே தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் வியாதியும் ஒன்றுண்டு. எக்ஸ்ரே படத்தில் மட்டுமல்ல, அதைவிட நுட்பமான சி.டி. படத்திலும் அது ஆஸ்பெஸ்டோஸிஸ் போலவே தோன்றக்கூடும். அப்போது பிரித்துக் காட்டுவது எது? நுரையீரல் உறையில் கல்நாரின் வேறு அடையாளம் கண்டால் அது ஒரு சாட்சி. அதற்குமேல் பெரிய சாட்சி, “நீ என்ன வேலை செய்தாய்? எத்தனை வருஷம்? எந்தத் தூசியில்?” என்ற கேள்விக்கு வரும் பதில்தான். இந்தக் கேள்வி புதிதல்ல. இத்தாலியில் ராமஸ்ஸினி என்பவர் தொழிலாளர் வியாதிகளைப்பற்றி 1700-ல் எழுதிய புத்தகத்திலேயே, நோயாளியிடம் அவன் தொழிலைக் கேளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்குமேல் ஆகியும் நமது ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவனிடம் வயதென்ன, பீடி குடிப்பாயா, சாராயம் உண்டா என்று கேட்கிறார்களேயொழிய, தொழிலைக் கேட்டாலும் “கூலி” என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்தக் கூலி? மண் சுமந்தானா, ஷீட்டு அறுத்தானா?

இனிக் கல்நாரின் பெரிய எமனைப்பற்றிச் சொல்லுவோம். நுரையீரலைச் சுற்றி மெல்லிய சவ்வாலான உறை ஒன்று இருக்கிறது. அதில் வரும் புற்றுக்கு மீசோதிலியோமா என்று பெயர். தூசியை முகர்ந்து 20 வருஷம் முதல் 50 வருஷம் வரை கழித்துக்கூட இது வரும். மார்பில் விடாத வலி, உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளுதல், மூச்சுத் திணறல் ஆகியவை அடையாளம். க்ஷயத்திலும் உறையில் நீர் கோக்கும். தவறு நுழைவது இந்த இடத்தில்தான். தென்னாப்பிரிக்காவில் வைரத்துக்குப் பேர்போன கிம்பர்லி என்னும் ஊரின் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் ஸ்லெக்ஸ் என்னும் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். உறை தடித்து வந்த நோயாளிகளில் ஒரு சாராருக்கு க்ஷய மருந்து பிடித்தது. மற்றொரு சாராருக்கு எவ்வளவு கொடுத்தும் பிடிக்கவேயில்லை. மருந்து பிடிக்காதவர்கள் மேற்கேயிருந்து, அதாவது நீலக் கல்நார்ச் சுரங்கம் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாக்னர் என்பவர் சதையை எடுத்துச் சோதித்ததில் அது க்ஷயமல்ல, உறைப்புற்று என்று தெரிந்தது. இவர்களும் மார்ச்சண்ட் என்பவரும் சேர்ந்து 1960-ல் 33 பேருடைய விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவர்கள். குழந்தைப் பருவத்தில் அந்தப் பக்கத்தில் குடியிருந்தது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம். லண்டனிலும் 1965-ல் இதேமாதிரி கண்டார்கள். தொழிற்சாலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தவர்களுக்கும், புருஷனுடைய தூசி படிந்த உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் இப்புற்று வந்திருந்தது. ஆகையால் “நான் கம்பெனிக்கே போனதில்லையே” என்று ஒரு பெண் சொன்னால் அதோடு விசாரணையை நிறுத்திவிடக்கூடாது. சதைத் துணுக்கைப் பல சாயங்களிட்டுச் சோதித்தால்தான் இப்புற்றையும் மற்றப் புற்றுக்களையும் நிச்சயமாய்ப் பிரிக்க முடியும்.

நுரையீரலுக்குள்ளேயே வரும் புற்று வேறு. இதைத்தான் முதலாளிகளுடைய வக்கீல்கள் அதிகமாய் விரும்புவார்கள். ஏனெனில் புகை குடிப்பவனுக்கு வரும் புற்றுக்கும் கல்நாரால் வரும் புற்றுக்கும் பூதக்கண்ணாடியின் கீழ் வித்தியாசம் தெரியாது. உடனே “பீடிதான் காரணம்” என்று சொல்லிவிடலாமல்லவா? ஆனால் கணக்கு என்ன சொல்லுகிறது? ராச்டேலில் 20 வருஷத்துக்குமேல் தூசியில் வேலை செய்தவர்களுக்கு இப்புற்று மற்றவர்களைப்போல் சுமார் பத்து மடங்கு வந்ததாக டால் என்பவர் 1955-ல் காட்டினார். அமெரிக்காவில் கல்நார்க் காப்புறை வேலைக்காரர்களைப்பற்றி 1979-ல் வெளிவந்த கணக்கு இன்னும் தெளிவானது. புகையும் கல்நாரும் இல்லாதவனுக்கு அபாயம் ஒரு பங்கு என்றால், கல்நார் மட்டும் உள்ளவனுக்குச் சுமார் 5 பங்கு. புகை மட்டும் உள்ளவனுக்குச் சுமார் 11 பங்கு. இரண்டும் உள்ளவனுக்கு 50 பங்குக்குமேல். இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்றால், ஒருவனைக் காட்டி மற்றவனை விடுதலை செய்கிற நீதி எந்த ஊர் நீதி? தூசியில் வேலை செய்கிறவன் பீடியை இன்றைக்கே எறியவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. அவன் பீடி குடித்தது முதலாளிக்கு மன்னிப்புச் சீட்டாகாது என்பதுதான் நாம் சொல்லுவது. உறைப்புற்றுக்கோ பீடிக்கும் சம்பந்தமேயில்லை.

இன்னொன்றையும் சொல்லித் தீரவேண்டும். சிலருடைய படத்தில் நுரையீரல் உறையின்மேல் சுண்ணாம்புப் பத்துப்போல் தடிப்புகள் தெரியும். இது புற்றல்ல, பெரும்பாலும் உபத்திரவமும் செய்யாது, புற்றாக மாறுவதுமில்லை. இதைக் காட்டி “இன்னும் மூன்று மாதந்தான்” என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறவன் திருடன். “ஒன்றுமில்லை, போய்வா” என்று படத்தைக் குப்பையில் போடச் சொல்லுகிறவனும் நல்லவனல்ல. ஏனெனில் அத்தடிப்பு, இவன் என்றோ கல்நாரை முகர்ந்தவன் என்பதற்கு உடம்பே எழுதிக்கொடுத்த ரசீது. அந்தப் படத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும்.

நம் தேசத்துச் சங்கதிக்கு வருவோம். எல்லாவிதக் கல்நாரும் மனிதருக்குப் புற்று உண்டாக்குவதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்து 1999-ல் வெள்ளைக் கல்நாரையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. இந்தியாவிலோ ருஷ்யா முதலிய தேசங்களிலிருந்து வெள்ளைக் கல்நார் கப்பல் கப்பலாய் வந்து, சிமெண்டோடு கலந்து கூரை ஷீட்டாகி, ஏழைகள் தலைமேல் ஏறுகிறது. நீலந்தான் கெடுதல், வெள்ளை சாது, ஜாக்கிரதையாய்ப் புழங்கினால் போதும் என்று விற்கிறவர்கள் சொல்லுகிறார்கள். உடையாத ஷீட்டின் கீழ் குடியிருப்பவன் நாளைக்கே சாவான் என்று நாம் சொல்லவில்லை. அதை ரம்பத்தால் அறுக்கிறவன், துளை போடுகிறவன், இடிந்த கூரையைச் சுத்தியால் நொறுக்குகிறவன், பழைய பாய்லரின் உறையைப் பிய்க்கிறவன், ஆலங்கில் கப்பல் உடைக்கிறவன் ஆகியவர்களுக்கு அந்த ஜாக்கிரதையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? முகத்தில் கட்டிய துண்டுதானே அவர்களுடைய ஜாக்கிரதை! அந்தத் துண்டு இந்த இழையைத் தடுக்காது. ஆகவே வெள்ளையையும் சேர்த்து நிறுத்துவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். நிறுத்தினாலும் இதுவரை முகர்ந்தவர்களுக்கு இன்னும் 40 வருஷத்துக்கு வியாதி வந்துகொண்டுதானிருக்கும்.

சுப்ரீம் கோர்ட்டு 1995 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவனுடைய ஆரோக்கியப் பதிவையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் வரை, அல்லது வேலையை விட்டபிறகு 15 வருஷம் வரை, எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்கவேண்டும் என்றும், தொழிலால் வந்த வியாதி என்று நிச்சயமானால் ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்றும் உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் காண்டிராக்டர் கொண்டுவந்து இறக்கும் ஆளுக்குக் கம்பெனிப் புத்தகத்தில் பெயரே இருப்பதில்லை. பெயரில்லாதவனுக்கு ஏது பதிவு? அவனுக்கு வியாதி வரும்போது காண்டிராக்டரும் இருக்கமாட்டான்; சிலசமயம் கம்பெனியே இருக்காது.

ஆகையால் அவனவன் பதிவை அவனவனே வைத்துக்கொள்ளும்படி தொழிற்சங்கங்கள் பழக்கவேண்டும். எந்த வருஷம் எந்தக் கொட்டகையில் என்ன வேலை, கூட வேலை செய்தவர் யார் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். எழுதத் தெரியாதவன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையைக்கொண்டு எழுதட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோய், டாக்டர் கேட்காவிட்டாலும் தானே எடுத்துச் சொல்லி, சீட்டில் “கூலி” என்பதற்குப் பதிலாக “கல்நார் ஷீட்டு அறுக்கும் வேலை, 12 வருஷம்” என்று உள்ளபடி எழுதச் சொல்லிக் கேட்கட்டும். க்ஷய மருந்து கொடுத்தால், சளியில் கிருமி கண்டதா என்று கேட்கட்டும். கிருமியும் காணவில்லை, மருந்தும் பிடிக்கவில்லை என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கும்படி கேட்பதில் வெட்கமோ மரியாதைக் குறைவோ கிடையாது. அந்தச் சீட்டையும் படத்தையும் கொடுத்துவிட்டு வராமல், வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டும்.